நல்ல கரண்ட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களைச் சந்திக்க என்னைக் கூப்பிட்டிருந்த அன்று, பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "மிஸ், சேர்வர் அறையில கரண்ட் நிண்டா முதல்ல என்ன செய்யவேணும்?" நான் சிரித்துவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிப் போனது. அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன். கரண்ட் நின்றால் நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பற்றறி இருக்கிறது, ஜெனரேற்றர் இருக்கிறது, எல்லாம் அதற்கென்றே வாங்கி வைத்தவை. என் வேலைக்காலத்தில் நான் பயந்த நேரங்கள் எல்லாம் கரண்ட் இருந்த நேரங்கள்தான்.

சேர்வர் அறைக்குள் இருக்கும் கணினிகளைப் பற்றிப் பெருமையாகப் பேச நூறு பேர் வருவார்கள். அவற்றுக்குக் கரண்ட் என்ற சோறு போடுகிற எங்களை, சோறு வராத அன்றைக்குத்தான் தேடுவார்கள். பரவாயில்லை, பழகிக்கொள்ளுங்கள். பரந்தன் பக்கத்தில் ஒரு சேர்வர் அறையில் காரணமே தெரியாமல் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. மென்பொருள்காரர் வாரக்கணக்காக மென்பொருளைக் குடைந்தார்கள். பக்கத்து ஆலையில் நெல்லுக் குத்தத் தொடங்கும்போதெல்லாம் அறுகிறது என்று, நான் மதிலடியில் நின்று காது கொடுத்த பிறகுதான் புரிந்தது. ஆலைக்குப் போகும் மின்கம்பியும் எங்கள் தரவுக் கம்பியும் ஒரே குழாய்க்குள் ஒட்டிப் படுத்திருந்தன. மோட்டரின் இரைச்சல் எங்கள் கம்பிக்குள் ஏறிவிட்டது. கம்பிகளைப் பிரித்துப் போட்டதும் சரி. இதெல்லாம் உங்கள் கைநூலிலேயே இருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். கைநூலில் இல்லாத ஒரு பின்னேரத்தை நான் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் பிரதான வீதியை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்போது எங்கள் அறை இருந்தது. வன்னியில் சில சிறிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் ஸ்கான் படங்கள் அந்த அறை வழியாகத்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நிபுணரின் திரைக்குப் போகும். அறைப் பொறுப்பாளர் தவராசா. என்னைவிடச் சில வயது இளையவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார். சொல்லாததைத் தொட மாட்டார். இந்தக் குணத்துக்காக அவரை நான் பலமுறை மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் வவுனியாவில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்துகொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டும்போது தவராசா என் கைபேசிக்கு எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் யூபிஎஸ் விடாமல் கத்துவது கேட்டது.

"மிஸ், யூபிஎஸ் பற்றறியில ஓடுது."

"கரண்ட் நிண்டிட்டுதோ?"

"இல்லை மிஸ், அதுதானே புதினம். கரண்ட் இருக்கு. நல்ல கரண்ட். லைற் எல்லாம் பளீரெண்டு எரியுது. யூபிஎஸ்தான் பழுதுபோல, வாற கரண்டை எடுக்குதில்லை. பைபாஸ் போட்டுவிடட்டோ?"

யூபிஎஸ் என்பது வாசலில் நிற்கும் காவல்காரன். வரும் கரண்டைச் சோதித்துத்தான் உள்ளே விடும். பிடிக்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு, பற்றறியில் இருப்பதைக் கொடுக்கும். பைபாஸ் என்றால் காவல்காரனைத் தள்ளி நிறுத்திவிட்டு, வெளியில் இருப்பதை அப்படியே உள்ளே விடுவது. காவல்காரனுக்கே வருத்தம் என்றால் அது சரியான வைத்தியம்தான். தவராசா கேட்டதில் பிழை இல்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் படகைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து, இயந்திரத்தில் தலை அடிபட்ட ஒரு கடற்றொழிலாளியைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். ஸ்கான் எடுத்தாயிற்று. படங்கள் எங்கள் அறை வழியாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கேயே தலையைத் திறப்பதா, வண்டியில் ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்புவதா என்பதை நிபுணர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனையிறவு தாண்டிப் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் தாங்குவாரா என்று அங்கிருந்த டொக்டருக்குச் சந்தேகம். திரையைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்பித்தான் பார்த்தார்கள். இதை வைத்துக்கொண்டு ஒருவரின் தலையைத் திறக்கச் சொல்ல முடியாது என்றாராம் நிபுணர்.

"டொக்டர் திருப்பித் திருப்பி எடுக்கிறா மிஸ். பற்றறி இறங்கிக்கொண்டு போகுது. போடட்டோ?"

போடுங்கோ என்று சொல்ல வாய் திறந்தேன். உண்மையாகவே திறந்தேன். அப்போது தொலைபேசிக்குள் தூரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. மேல்மாடி அலுவலகக் குசினியில் இருந்து வந்து யாரோ படியில் நின்று சலித்துக்கொண்டார்: "இந்தக் கேத்திலுக்கு என்ன வந்தது? தண்ணி இன்னும் கொதிக்கேல்லை."

எங்கள் பக்கத்தில் மட்டும்தான் கரண்டுக்கு "நல்ல" என்று ஒரு அடைமொழி உண்டு. வருடக்கணக்கில் கரண்டே இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். பிறகு வந்தபோதும் கம்பியின் கடைசி நுனியில் இருந்ததால், மின்குமிழ் பழுத்த தோடம்பழம் மாதிரிச் செம்மஞ்சளாய் மங்கித்தான் எரியும். அதனால் பளீரென்று எரிந்தால் எங்களுக்குச் சந்தோசம். "இண்டைக்கு நல்ல கரண்ட்" என்று சொல்லிக்கொண்டு மாவரைக்கவும் அயன் போட்டு உடுப்பு மினுக்கவும் ஓடுவோம். என் வீட்டிலும் அப்படித்தான். கரண்ட் குறைந்தால் குறை சொல்லத் தெரிந்த எங்களுக்கு, கூடினால் பயப்படத் தெரியாது.

"தவராசா, உங்கட லைற் பளீரெண்டு எரியுது. குசினி லைற்?"

"நில்லுங்கோ மிஸ்... அது மங்கலா எரியுதாம். ஃபானும் மெல்லமாச் சுத்துதாம்."

ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் பளீர், மற்றப் பக்கம் மங்கல். கட்டடத்துக்குக் கரண்ட் மூன்று கம்பியில் வருகிறது. நான்காவது கம்பியான நியூட்ரல்தான் மூன்றையும் சமமாகப் பிடித்து வைத்திருக்கும். அது எங்கோ விட்டுப்போயிருந்தது. குசினிக்குக் கிடைக்க வேண்டியதையும் சேர்த்து எங்கள் பக்கம் வாங்கிக்கொண்டிருந்தது. யூபிஎஸ்ஸுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, கதவை இறுக்கிப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தது. பைபாஸ் போட்டால் அத்தனை கரண்டும் நேராகச் சேர்வர்களுக்குள் போகும். படமும் எரியும், படத்தை அனுப்பும் பெட்டிகளும் எரியும், அந்த மனிதரின் கதையும் முடியும்.

"தவராசா, பைபாசைப் போடாதேங்கோ!" என்று கத்தினேன். பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தொலைபேசியில் சத்தம் இல்லை. திரையைப் பார்த்தேன். சிக்னல் போயிருந்தது.

மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் காட்டுப் பகுதியில் அப்படித்தான் போகும், வரும். நான் சொன்னதில் எவ்வளவு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அதைத்தான் திருப்பித் திருப்பி யோசித்தேன். முழுதாகக் கேட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றுமே கேட்காவிட்டால், என்னுடைய பதிலுக்காகக் காத்து நிற்பார். ஆனால் பாதி கேட்டிருந்தால்? "பைபாசைப் போடா" என்பதோடு அறுந்திருந்தால்? "போடடா" என்று சொன்னதாகத்தானே காதில் விழும்! வேண்டாம் என்று நான் கத்தியது, செய் என்று போய்ச் சேர்ந்திருக்கும். அவரோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

சாரதியிடம் போய் வேகமாகப் போகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கைபேசியைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். ஒரு கோடும் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் முகம் தெரியாத ஒருவரின் தலை என் மடியில் இருப்பது போல ஒரு பாரம். அந்தப் பயணத்தில் நான் பட்டதை இன்றைக்கும் யாருக்கும் நேர்த்தியாக விளக்க என்னால் முடியாது.

முறிகண்டியில் பஸ் நின்றது. அந்த வீதியில் போகும் எந்த வண்டியும் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போடாமல் தாண்டாது. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தப் போனார். சனம் கால் கழுவியது, தேங்காய் உடைத்தது. நான் பிள்ளையார் பக்கமே திரும்பவில்லை. அவர் பொறுப்பார், பற்றறி பொறுக்காது.

சிக்னல் வந்திருந்தது. தவராசாவுக்கு எடுத்தேன். வேறு அழைப்பில் இருந்தார். திரும்ப எடுத்தேன். அதே பதில். மூன்றாவது தரமும் அந்தப் பதிவுப் பெண்குரல் அதே பதிலைச் சொன்னபோது கைபேசியை நிலத்தில் அடிக்கலாம் போல இருந்தது. அவரும் அதே நேரம் எனக்கு எடுத்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவர் வழியை ஒருவர் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

வீதியோரத்தில் கச்சான் கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, உங்கட போனை ஒருக்காத் தாங்கோ." என்ன ஏது என்று கேட்காமல் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு எடுத்துத் தந்தார். இந்த முறை மணி அடித்தது. தவராசா வாய் திறக்க முதல் நான் கத்தினேன்.

"வேண்டாம்!"

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான். பைபாஸ்?"

"போடேல்லை மிஸ். அதுக்குப் பக்கத்திலதான் நிக்கிறன். ஆனா பற்றறி கடைசிக் கோட்டுக்கு வந்திட்டுது. படம் அரைவாசிதான் போயிருக்கு. டொக்டர் மற்ற லைன்ல நிக்கிறா, அழாத குறை."

ஆறுதல் அடைய நேரம் இல்லை.

"மெயின் சுவிச்சடிக்கு வாங்கோ. வந்திட்டீங்களோ? மெயினை நிப்பாட்டுங்கோ."

"மிஸ்... இருக்கிற கரண்டையோ?"

அவர் கேட்டது எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களில் யாரும் இருக்கும் கரண்டைத் தங்கள் கையால் நிறுத்த மாட்டார்கள். எண்ணெய் விளக்கிலும் மெழுகுதிரியிலும் படித்தவர்களின் கை அது.

"அது நல்ல கரண்ட் இல்லை, தவராசா. ஒரு கம்பி விட்டிட்டுது. உங்கட பக்கம் கூடியும் குசினிப் பக்கம் குறைஞ்சும் நிக்குது. கரண்ட் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு ஜெனரேற்றர் சும்மா நிக்குது. நீங்கள் நிப்பாட்டினாத்தான் அது வரும்."

"நிப்பாட்டினா மேல இருக்கிற லைன் பெட்டியும் நிண்டுடும் மிஸ். போய்க்கொண்டிருக்கிற படம் அறுந்திடும்."

அவர் சொன்னதும் சரி. எங்கள் அறையை வெளியுலகத்தோடு இணைக்கும் பெட்டி மேல்மாடியில் சாதாரணச் செருகியில் இருந்தது. அதற்குப் பற்றறி இல்லை. ஜெனரேற்றர் உடனே வந்தால் படம் விட்ட இடத்திலிருந்து தொடரும். வராவிட்டால், ஓடிக்கொண்டிருந்த படத்தை எங்கள் கையாலேயே அறுத்தவர்கள் ஆவோம். நிறுத்தாமல் விட்டாலோ, அரைவாசிப் படத்தோடு பற்றறி செத்துவிடும். கடைசிக் கோடு கொஞ்சம் இழுக்காதா என்று நம்பிக்கொண்டு இருக்கலாம். எத்தனையோ பேர் அப்படி நம்பி இருந்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

"வருமோ மிஸ்? ஜெனரேற்றர் வருமோ?"

அந்த ஜெனரேற்றரை வாராவாரம் ஓட்டிப் பார்த்துத்தான் வந்தார்கள். ஆனால் வெறுமனே ஓட்டினார்கள். கட்டடத்தின் சுமையை அதன் தலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றால் மெயினை நிறுத்த வேண்டும். மேல்மாடிக்காரர் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. வரும் என்று ஒரு சொல் சொன்னால் அவர் நிறுத்திவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

"தெரியாது, தவராசா. ஆனா வேற வழி இல்லை. நான் சொல்லித்தான் நிப்பாட்டுறீங்கள். ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ."

டக்கென்று ஒரு சத்தம். உடனே மாடியில் இருந்து "என்ன, கரண்ட் நிண்டிட்டுதோ?" என்று பல குரல்கள். ஜெனரேற்றர் ஒருமுறை உறுமியது. நின்றது. திரும்ப உறுமியது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. அது கட்டடத்தின் சுமையைத் தூக்கும்போது சத்தம் அப்படியே தாழ்ந்து போனது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மெல்ல மெல்ல மேலே வந்து ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

"யூபிஎஸ் கத்துறது நிண்டிட்டுது மிஸ்."

"படம்?"

"நில்லுங்கோ... லைன் பெட்டி இன்னும் எழும்பேல்லை... நில்லுங்கோ... ஓடுது மிஸ். விட்ட இடத்தில இருந்து ஓடுது."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஆருக்குச் சுகமில்லை, பிள்ளை?"

"எனக்குத் தெரியாத ஒராளுக்கு, அம்மா," என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். கொண்டக்டர் வந்து கூட்டிக்கொண்டு போனார்.

கிளிநொச்சியில் இறங்கி ஓடிப் போனபோது, தவராசா மெயின் சுவிச்சுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, முதுகால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைகளில் எல்லாம் கரண்ட் இருக்க, ஜெனரேற்றருக்கு டீசல் எரித்துக்கொண்டு இந்த மனுசன் ஏன் மெயினைப் பூட்டிவைத்திருக்கிறார் என்று கேட்டார்கள். "மிஸ் வரட்டும்" என்ற ஒன்றைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. முகப்புச் சுவரில் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் இடத்தைக் காட்டினேன். நியூட்ரல் இணைப்பு கருகிக் கிடந்தது. அதற்குப் பிறகு ஒருவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன்னுடைய பிரின்டர் புகைந்து செத்துப்போன கதையைச் சொன்னார். அதுவும் எங்கள் பக்கத்துச் செருகியில்தான் இருந்திருக்கிறது. எல்லோரும் அடங்கிப் போனார்கள்.

ஆட்கள் கலைந்த பிறகு தவராசாவிடம் கேட்டேன்.

"அப்ப நான் சொன்னது உங்களுக்கு எவ்வளவு கேட்டது?"

"'பைபாசைப் போடா' எண்டு கேட்டுது மிஸ். அதோட அறுந்திட்டுது."

"பிறகு ஏன் போடேல்லை?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்கள் ஒருநாளும் என்னை 'டா' போட்டுக் கதைச்சதில்லையே மிஸ். எவ்வளவு கோவம் வந்தாலும் 'ங்கோ' போட்டுத்தான் ஏசுவீங்கள். 'போடா' எண்டோட வசனம் முடியாது, மிச்சம் எங்கையோ கிடக்கு எண்டு நினைச்சன். அதுதான் திருப்பித் திருப்பி எடுத்தனான்."

இந்த "ங்கோ"வுக்காக என்னைக் கொழும்பில் எத்தனை பேர் பகிடி பண்ணியிருக்கிறார்கள்! இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம்முடைய மொழியில் மறுப்பு சொல்லின் வாலில் இருக்கிறது. தொடாதேங்கோ, கழட்டாதேங்கோ, நிப்பாட்டக்கூடாது. வால் அறுந்தால் தடுத்தது ஏவியதாகிவிடும். நெருக்கடியில் தொலைபேசியை எடுத்தால் "வேண்டாம்" என்பதை முதலில் சொல்லுங்கள். அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு விளக்கலாம். மற்றது, உங்களுக்குக் கீழே வேலை செய்பவரோடு எப்போதும் ஒரே மாதிரிப் பேசுங்கள். உங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர்தான் அறுந்த பேச்சை ஒட்டிப் பார்ப்பார்.

படம் முழுதும் போய்ச் சேர்ந்தது. ஏற்றி அனுப்ப நேரமில்லை, அங்கேயே செய்யுங்கள் என்று நிபுணர் சொல்லிவிட்டாராம். திரையைப் பார்த்தபடி எந்த இடத்தில் திறப்பது என்று சொல்லிக்கொடுத்தாராம். மறுநாள் காலையில் டொக்டர் தொலைபேசியில் எடுத்தார். "முழிச்சிட்டார். படகை ஆர் கரையேத்தினது எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார். தவராசா சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஜெனரேற்றர் வந்திராட்டி, மிஸ்?"

அந்த மனிதர் பிழைத்ததில் எங்கள் யோசனைக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது உறுமலில் அது பிடித்துக்கொண்டதற்கு நாங்கள் ஒன்றுமே செய்திருக்கவில்லை. இதை வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு எழும்புவதில்லை.

அடுத்த வாரம் நான் அங்கே போனபோது தவராசா மாடிக்குப் போய், கணினிகளை மூடச் சொல்லிவிட்டு வந்தார். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் ஏசிக்கொண்டு இறங்கி வந்தார்கள். சொல்லாததைத் தொடாத அந்த மனிதர், யாரும் சொல்லாமல் மெயின் சுவிச்சில் கையை வைத்தார்.

"போன கிழமை ஜெனரேற்றர் வந்ததுதானே, பிறகென்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"போன கிழமை வந்தது," என்றார் தவராசா. "இண்டைக்கு வருமோ எண்டு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, நல்ல கரண்டை நிறுத்தினார்.